சென்னைச் சாலைக்கு ஒரு சைக்கிள்: பழுது குறைந்த வண்டியைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

தினமும் வேலைக்குப் போய்வர சைக்கிள் வாங்குகிறவர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை கியர்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வண்டிக்குள் மழைத்தண்ணீர் எங்கே நுழையும்? மணல் எங்கே ஒட்டும்? ஏதாவது கெட்டுப்போனால் தெருமுனை சைக்கிள் கடையில் அதற்குச் சாமான் கிடைக்குமா? பராமரிப்புத் தொல்லையில் பெரும்பகுதி வண்டி வாங்கும் அன்றே முடிவாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு எண்ணெய் விட்டாலும், திறந்து கிடக்கும் பாகம் திறந்தேதான் கிடக்கும்.

சென்னையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நகரம் ஏறக்குறைய சமதளம். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் புழுதி. ஆண்டு முழுக்கக் கடற்காற்றில் உப்பு. இந்த மூன்றும் சேர்ந்து ஒரு சைக்கிளை என்ன செய்யும் என்பது, திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ வெட்டவெளியில் நிற்கும் வண்டியின் நட்டுகளைப் பார்த்தாலே தெரியும். புதுச்சேரி, நாகப்பட்டினம், தூத்துக்குடிக்காரர்களுக்கும் இதே கணக்குதான். உதகையிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு மட்டும் கியர் பற்றி நான் சொல்வது பொருந்தாது.

படி 1: போகும் வழியை எழுதிப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை கிலோமீட்டர், வழியில் மேம்பாலம் உண்டா, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், இரவில் வண்டி எங்கே நிற்கும், மாடிக்குத் தூக்க வேண்டுமா, என்ன உடையில் போவீர்கள், பையில் எவ்வளவு எடை. இந்த விடைகளே பாதி வண்டிகளைக் கழித்துவிடும். இரண்டாவது மாடிக்குத் தூக்க வேண்டியவருக்கு 20 கிலோ வண்டி ஆகாது. சேலை, வேட்டி கட்டுகிறவர்களுக்குக் குறுக்கு பார் இல்லாத பிரேமும் செயினை மூடும் பெட்டியும் கட்டாயம். துப்பட்டா போடுகிறவர்கள் பின்சக்கரத்தின் மேற்பகுதியை மறைக்கும் வலை அல்லது தகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்சக்கரத்தில் சிக்கிய துணி ஒரே சுற்றில் இழுத்துவிடும். கையால் எடுத்துவிட நேரமே இருக்காது.

படி 2: கியர் வேண்டுமா?

சமதளத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குள் போகிறவருக்கு கியர் தேவையில்லை. இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள வண்டியில் பெடலை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய 2.44 முறை சுற்றும். நடுத்தர டயர் போட்ட, 700 சி எனும் அளவுள்ள சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.16 மீட்டர். ஆக ஒரு மிதிக்கு 5.3 மீட்டர் நகர்கிறீர்கள். நிமிடத்துக்கு 60 முறை நிதானமாக மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் நகரத்தில் இதற்கு மேல் வேகம் எங்கே கிடைக்கப் போகிறது?

இந்தப் பல் எண்ணிக்கையைக் கடையில் எண்ணிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 48-க்கு 18 என்றால் காலுக்குக் கனமாக இருக்கும். சென்னையில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று எழும்பும். மாலையில் கிண்டியிலிருந்து அடையாறு பக்கம் வீடு திரும்புகிறவர் அந்தக் காற்றை எதிர்த்துத்தான் மிதிக்க வேண்டும். வண்டி கனமாகத் தெரிந்தால் வேறு வண்டி தேட வேண்டாம். பின்னால் உள்ள பிரீவீலை 18 பல்லிலிருந்து 20 பல்லுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். செலவு சிறியது, வித்தியாசம் பெரியது.

கடைகளில் வரிசையாக நிற்கும் "21 கியர்" வண்டிகளைப் பற்றி எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. இருபத்தொன்றில் பல, ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட சமமானவை. அந்த ஒரு எண்ணுக்காக இரண்டு கியர் மாற்றிகள், இரண்டு கேபிள்கள், மெல்லிய செயின் எல்லாவற்றையும் புழுதியிலும் மழையிலும் திறந்து வைத்திருக்கிறார்கள். பின் கியர் மாற்றி தொங்கும் சிறிய கொக்கி, நெரிசலான ஸ்டாண்டில் பக்கத்து வண்டி சாய்ந்தாலே வளைந்துவிடும். அதன்பின் கியர் ஒழுங்காக விழாது. ஆசையாக வாங்கி, மூன்றாம் மாதம் மாடிப்படிக்கு அடியில் போய்விடும் வண்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

தினமும் மேம்பாலம் ஏறுகிறவர்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், பின்னால் குழந்தையையோ பாரத்தையோ ஏற்றுகிறவர்களுக்கும் கியர் நியாயமான தேவை. அவர்களுக்கு என் முதல் சிபாரிசு ஹப் கியர். பற்கள் அத்தனையும் பின்சக்கரத்தின் நடு உருளையான ஹப்புக்குள் மூடியிருக்கும்; வெளியே பார்த்தால் சாதாரண ஒற்றைச் செயின் வண்டி. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1902-லேயே தொடங்கிவைத்த வழி இது. அவர்களின் புகழ்பெற்ற மூன்று கியர் ஹப்பில் நடு கியர் நேரடி. கீழ் கியர் அதைவிடக் கால் பங்கு இலகு, மேல் கியர் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம். ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் நெக்ஸஸ் வரிசையில் மூன்று, ஏழு, எட்டு கியர்கள் உண்டு. சிக்னலில் நின்றபடியே கியரைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது நகரவாசிக்குப் பெரிய வசதி. பின்சக்கரத்தைக் கழற்றுவது சிரமம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நம் ஊர் பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றாமலே ஒரு பக்க டயரை நெம்பி டியூபை உருவி ஒட்டிவிடுகிறாரே, பிறகென்ன? உண்மையான சிக்கல் ஒன்றுதான்: எல்லாக் கடைகளிலும் இது கிடைக்காது, எல்லா மெக்கானிக்கும் திறக்கமாட்டார். விற்கிறவர் தன் கடையிலேயே சர்வீஸ் செய்வாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஹப் கியர் கிடைக்கவில்லையா? முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழு உள்ள வண்டியைப் பாருங்கள். தொல்லையில் பாதி முன் கியர் மாற்றியோடு போய்விடும்.

செயினுக்குப் பதில் பெல்ட் போட்ட வண்டிகளும் உண்டு. எண்ணெய் வேண்டாம், துருப்பிடிக்காது, சத்தம் இல்லை. ஆனால் பெல்ட்டைச் செயின்போலப் பிரித்துச் சேர்க்க முடியாது. அதை மாட்டுவதற்கென்றே பின்பக்கம் பிரேம் திறக்க வேண்டும். அறுந்தால் அதே நீளத்தில் அதே வகை பெல்ட்தான் வேண்டும். மாற்று பெல்ட் ஒன்றையும் வண்டியோடு சேர்த்து வாங்க முடிந்தால் மட்டுமே அந்தப் பக்கம் போங்கள்.

படி 3: செயினும் அதன் வீடும்

ஒற்றைச் செயின் வண்டியில் செயினின் உள்ளகலம் எட்டில் ஒரு அங்குலம். கியர் வண்டிச் செயின் அதைவிட மெல்லியது. தடித்த செயின் நேர்கோட்டில் ஓடுவதால் மெதுவாகத் தேயும். அதை முழுவதும் மூடும் பெட்டியும் இருந்தால் உங்கள் வேலை கால்வாசிதான். மேல்பக்கம் மட்டும் மறைக்கும் தகடு துணியைக் காக்கும், செயினைக் காக்காது.

செயின் தேய்ந்துவிட்டதா என்பதை ஒரு ஸ்டீல் ஸ்கேல் சொல்லிவிடும். ஒரு பின்னின் நடுவில் சுழியத்தை வைத்து 24 கண்ணிகள் தள்ளிப் பாருங்கள். புதுச் செயினில் அந்தப் பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். பதினாறில் ஒரு அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு அங்குலம் தாண்டும்வரை விட்டுவிட்டால் பிரீவீல் பற்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் அவற்றின்மேல் வழுக்கும். ஒரு செயினோடு போக வேண்டிய செலவு மூன்று சாமானாக வளர்வது இப்படித்தான்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு பழக்கத்தை விட்டாக வேண்டும். மோட்டார் வண்டியில் வடித்த கறுப்பு எண்ணெயைச் செயினில் ஊற்றாதீர்கள். அதில் உலோகத்தூள் கலந்திருக்கும். புழுதியும் ஒட்டி, செயினை அரைக்கும் பசையாகிவிடும். பழைய துணியால் செயினைத் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு செயின் எண்ணெய் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது கண்ணிக்குள்ளே. வெளியே பளபளக்க வேண்டியதில்லை.

கியர் இல்லாத வண்டியில் இன்னொன்றையும் பாருங்கள். பின்சக்கர அச்சு உட்காரும் பள்ளம் கிடைமட்டமாக நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் செயின் தளர்ந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்து முறுக்க முடியும். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசைவதே சரியான அளவு.

படி 4: பிரேக்

மழைதான் இங்கே நீதிபதி. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை அதைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும். அலுமினிய ரிம் நனைந்தாலும் முதல் சுற்றில் தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பிரேக்கின் பெயரைப் பார்க்கும் முன் ரிம்மைப் பாருங்கள்.

அலுமினிய ரிம்மை இருபுறமும் ரப்பர் கட்டையால் நெருக்கும் வி பிரேக், இதுவே என் தேர்வு. நான்கு கட்டைகள், இரண்டு கேபிள்கள். கட்டை தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும், எந்தக் கடையிலும் கிடைக்கும், பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். அதன் ஒரே குறை, மழைக்காலத்தில் மணலோடு சேர்ந்து ரிம்மை அரிக்கும். வாரம் ஒருமுறை ரிம்மைத் துடைத்து, கட்டையில் புதைந்திருக்கும் மணலை ஊசியால் எடுத்துவிட்டால் நெடுநாள் வரும்.

டிஸ்க் பிரேக் நனைந்தாலும் நன்றாகப் பிடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் மலிவான வண்டிகளில் வரும் டிஸ்க், தகடு சற்று வளைந்தாலே "கிறீச் கிறீச்" என்று உரசும். செயின் எண்ணெய் ஒரு சொட்டுத் தெறித்தாலும் பேடு கெட்டுவிடும். அந்தப் பேடு எந்த வடிவத்தில் வருகிறது என்று தேடி அலைய வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் தரமானதுதான். காற்று புகுந்தால் அதை எடுக்கத் தெரிந்த மெக்கானிக் உங்கள் பகுதியில் இருந்தால் வாங்கலாம்.

படி 5: டயர், டியூப், ரிம்

எந்த வண்டியானாலும் அதிகம் நிறுத்திவைப்பது பஞ்சர்தான். அதனால் வண்டி விலையில் பேரம் பேசி மிச்சம் பிடித்த பணத்தை டயரில் போடுங்கள் என்பேன். 35 முதல் 42 மில்லிமீட்டர் அகலம் சென்னைக்குச் சரி. அதைவிட மெல்லியது குழியில் இறங்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, இரண்டு ஓட்டை அருகருகே விழும். மலைப்பாதை டயரின் முரட்டுப் பற்கள் தார்ச்சாலையில் இரைச்சலையும் களைப்பையும் தவிர வேறெதையும் தருவதில்லை. ரப்பருக்கு அடியில் பாதுகாப்புப் பட்டை வைத்த டயர்கள் உண்டு. ஜெர்மன் நிறுவனமான ஷ்வால்பேயின் மாரத்தான் பிளஸ் டயரில் அந்தப் பட்டை மட்டும் 5 மில்லிமீட்டர் தடிமன். கனமானது, விலையும் கூடுதல். கண்ணாடிச் சில்லுக்கும் ஆணிக்கும் அது காட்டும் எதிர்ப்பைப் பார்த்தால் கொடுத்த பணம் வீணில்லை. காற்றே இல்லாத கெட்டி டயரை யாராவது புகழ்ந்தால் கேட்காதீர்கள். குழியின் அடி முழுவதும் உங்கள் முதுகுக்கும் போக்ஸ் கம்பிக்கும் வந்து சேரும்.

டயர் அளவில் ஏமாறுகிறவர்கள் அதிகம். "28" என்று சொல்லி விற்கும் வண்டிகளில் இரண்டு வகை உண்டு. பழைய கறுப்பு வண்டியின் 28 × 1½ டயருக்கு ரிம் அளவு 635 மில்லிமீட்டர். 700 சி டயருக்கு 622. ஒன்று மற்றொன்றில் உட்காராது. "26" என்பதிலும் 559, 590 என்று இரண்டு உண்டு. டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மின் அளவு. அந்த இரண்டாவது எண்ணை எழுதிக்கொண்டுபோய், வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் அந்த அளவில் டயரும் டியூபும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டியை முடிவு செய்யுங்கள்.

டியூபில் மோட்டார் சைக்கிளுக்கு உள்ளதுபோன்ற வால்வு இருக்கட்டும். பெட்ரோல் பங்கிலும், எந்த பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். பங்கில் அடித்தால் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். சைக்கிள் டியூப் சிறியது, ஒரு நொடியில் வெடித்துவிடும். 37 மில்லிமீட்டர் டயருக்கு 50 முதல் 60 பி.எஸ்.ஐ. போதும், டயரில் அச்சிட்ட எல்லையைத் தாண்ட வேண்டாம். வாரம் ஒருமுறை காற்று பார்ப்பதைவிடச் சிறந்த பஞ்சர் தடுப்பு வேறில்லை.

போக்ஸ் கம்பி துருப்பிடிக்காத ஸ்டீலாகவும், சக்கரத்துக்கு 36 ஆகவும் இருந்தால் நல்லது. ஒரு கம்பி அறுந்தாலும் சக்கரம் கோட்டம் விழுந்து நடுவழியில் உட்காராது.

படி 6: பிரேமும் உள்ளே மறைந்திருப்பவையும்

முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த போர்க் வேண்டாம். விலை குறைந்த வண்டியில் அது எடையைக் கூட்டும். தண்ணீர் புகுந்து துருவேறி இறுகிப்போகும். திறந்து சரிசெய்கிறவரும் கிடையாது. அகலமான டயரில் அளவான காற்று இருந்தால் வேகத்தடைக்கு அதுவே போதும்.

கடலோரத்தில் இருப்பவர் அலுமினிய பிரேமைத் தேர்ந்தெடுக்கலாம். இரும்பு பிரேமும் பல்லாண்டு உழைக்கும். ஆனால் துரு உள்ளேயிருந்து தின்னும். சீட் கம்பத்தை உருவி, குழாய்க்குள் கொஞ்சம் கிரீஸோ எண்ணெயோ தடவச் சொல்லுங்கள்.

பெடல் அச்சு உட்காரும் பி.பி. செட் மூடிய வகையா, பால்ரஸ் போட்ட திறந்த வகையா என்று கட்டாயம் கேளுங்கள். மூடிய செட் மழையைத் தாங்கும்; கெட்டால் முழுதாகக் கழற்றிப் புதிது போட்டுவிடலாம். திறந்த வகையென்றால் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஓவராயில் செய்தாக வேண்டும். பெடல் அச்சு தரையிலிருந்து ஓர் அடிக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கிறது. தெருவில் தேங்கிய தண்ணீர் ஓர் அடியைத் தொட்டால் அது மூழ்கிவிட்டது என்று பொருள். அத்தகைய நாளுக்குப் பிறகு கிரீஸை மாற்றாமல் ஓட்டுவதே வண்டிக்கு நேரும் பெரிய கேடு. அதேபோல் வாட்டர் சர்வீஸ் குழாயைச் சைக்கிளில் காட்டாதீர்கள். அந்த அழுத்தம் தண்ணீரை நேராக பேரிங்குக்குள் செலுத்திவிடும். ஒரு வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

படி 7: கூடவே வர வேண்டியவை

முழு நீள மட்கார்டு, கேரியர், பக்கவாட்டு ஸ்டாண்டு, பெல். மட்கார்டு உடையைக் காப்பதோடு, முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறு ஹேண்டில் பாரின் கீழ்க் கப்புக்குள் போகாமலும் தடுக்கிறது. பிரேமில் இவற்றை மாட்டத் துளைகள் இல்லாத வண்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும், வேலைக்குப் போகும் வண்டி இல்லை. விளக்குக்கு, சார்ஜ் செய்யும் எல்.இ.டி. போதும்: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு.

பழைய கறுப்பு வண்டி

இதை ஒதுக்கிவிடாதீர்கள். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது 1949-ல். சோனிப்பட்டில் அட்லஸ் 1951-ல். லூதியானாவில் ஹீரோ 1956-ல். இந்த நிறுவனங்கள் காலங்காலமாகச் செய்துவந்த அந்த வடிவத்தில் முழுச் செயின் பெட்டி, மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாமே பிறவியிலேயே உண்டு. பின்சக்கரத்தில் 40 கம்பி, முன்சக்கரத்தில் 32. சாமான் கிடைக்காத ஊரே இல்லை. ஐந்து கிலோமீட்டருக்குள் போய்வருகிறவருக்கு இதைவிடக் கவலையற்ற வண்டியை நான் காட்ட முடியாது. குறைகள் இரண்டு: எடை சுமார் 20 கிலோ; கேபிளுக்குப் பதில் கம்பியால் இயங்கும் பிரேக்காலும் இரும்பு ரிம்மாலும் மழையில் தாமதமாக நிற்கும். மழைநாளில் மெதுவாகப் போகச் சம்மதமுள்ளவர் வாங்கலாம்.

படி 8: கடையில் சோதனை

ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி விரிந்து சுருங்கினால் சக்கரத்தில் கோட்டம் இருக்கிறது. அங்கேயே எடுத்துத் தரச் சொல்லுங்கள். சக்கரம் தூக்கியிருக்கும்போதே ஹேண்டில் பாரை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நடுவில் தட்டுத் தட்டாக நின்றால் கப்பை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், துளியும் ஆடக்கூடாது. பிறகு சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் அளவாக மடங்கும். கம்பம் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே வர வேண்டியிருந்தால் பிரேம் உங்களுக்குச் சிறியது.

விலை பேசும்போது ஒன்று நினைவிருக்கட்டும். சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைச் சீட்டு ஒட்டியிருந்தால் கேளுங்கள்.

படி 9: வாங்கிய முதல் மாதம்

இணையத்தில் வாங்கினால் வண்டி பாதி பூட்டிய நிலையில் வரும். இடது பெடலின் மரை தலைகீழானது. வழக்கமான திசையில் அழுத்தித் திருகினால் தண்டின் மரையே அழிந்துவிடும். பெடல்களில் இடது, வலது எழுத்துகளைப் பார்த்து, மரையில் கிரீஸ் தடவி, முதலில் கையாலேயே திருகுங்கள். கை அறியாவிட்டால் ஒரு மெக்கானிக்கிடம் பூட்டக் கொடுங்கள்.

புது வண்டியில் சில வாரங்களில் கேபிள் நீளும், போக்ஸ் கம்பி தளரும், பெடல் தண்டின் போல்ட் அமர்ந்து இடம் விடும். முதல் மாத முடிவில் கடைக்கு எடுத்துப்போய் இந்த மூன்றையும் இறுக்கி வாங்குங்கள். பெடல் தண்டை மட்டும் அதற்கு முன்பே வாரம் ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள். தளர்ந்த தண்டோடு ஓட்டினால் அதன் சதுரத் துளை விரிந்துபோகும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, தண்டையே மாற்ற வேண்டியிருக்கும்.